நாக்குக் காசு

விடிவதற்கு முன்பே ராபியாவின் வலது தோள் விழித்துக்கொண்டது. அவள் அதற்குப் பிறகுதான் விழித்தாள். சல்லடை ஆட்டுகிற தோள். அந்தப் பக்கம் ஒருக்களிக்க விடாது. இடது கையால் தூக்கித்தான் வலது கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துக்கொண்டு, தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் விட்டுவிட்டுச் சொட்டுவதைக் கேட்டபடி கிடந்தாள். பூந்தமல்லிப் பள்ளிவாசலில் பாங்கு முடிந்திருந்தது.

அப்போது கேட்டது. டொக்.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி விடுவிக்கிற சத்தம். வாசலில் கவிழ்த்த வாளியின் மேல் தண்ணீர் விழுகிறது, வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் உடம்பு நம்பவில்லை. ஒரு டொக் என்றால் தூள் சரி, டப்பாவுக்குப் போகலாம். இரண்டு டொக் என்றால் சரியில்லை. இரண்டாவது சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது வரவில்லை.

"முழிச்சிட்டியா?" என்றான் அவள் புருஷன் ஷஃபியுல்லா. கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவன். மழைக்காலத்தில் வேலை பாதிதான். "இன்னிக்கு அந்த ஸ்டூல்ல உக்காரப் போறியா?"

"உக்காருன்னு சொல்லியிருக்காங்க."

"ஒரு சிட்டிகதான? வாயில போட்டுட்டுத் துப்பிடு."

"துப்புனா தெரியாதுங்க. முழுங்குனாத்தான் அடித்தொண்டையில காறல் தெரியும்னு துலுக்கானம் அக்கா சொல்லும்."

அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு நசுங்கிய பிளாஸ்டிக் டப்பா இருந்தது. குழந்தைச் சளிச் சூரணம். நசுங்கினதைக் கடைக்கு அனுப்ப முடியாது என்று தீபாவளிக்குத் தீபாவளி கம்பெனியில் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். அதில் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. தேனில் குழைத்து மகள் இனாயாவின் நாக்கில் தடவியது ராபியாவின் விரல்தான். பிள்ளை சுவர் ஓரமாக, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ராபியா அந்த வாயைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மண்ணூர்பேட்டையில் பஸ் இறங்கி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் மதில் ஓரமாகத் தேங்கிய தண்ணீரை மிதித்துக்கொண்டு போனால், சந்தின் கடைசியில் அந்த ஷெட். வெளியே பச்சைப் பலகையில் இலை போட்ட படம். உள்ளே ஒரு மிஷின், ஒரு வறுக்கிற இரும்புச் சட்டி, நாலு சல்லடை, ஒரு ஸ்டூல். நாட்டு மருந்து என்றால் நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. இங்கிலீஷ் மருந்து சூடு, இது ஒன்றும் செய்யாது என்பார்கள். அந்த மரியாதை எந்தத் தரையில் கொட்டிக் கிடக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

அன்று காலை வந்த சாக்குகள் வானகரம் கிடங்கிலிருந்து வந்தவை. போன வாரப் பெருமழையில் கிடங்குக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. கீழ் வரிசைச் சாக்குகள் அதில் ஊறிக் கிடந்தன. நாகம்மா அரிவாளால் தையலை அறுத்தாள். சாக்கின் வாயிலிருந்து சூடு வந்தது. பூஞ்சை பிடித்த சரக்கு உள்ளுக்குள் காய்ச்சல் கண்டதுபோல் சுடும். நனைந்த செருப்பும் மூடிக் கிடந்த கிணறும் சேர்ந்த ஒரு வாடை. கையை விட்டு அள்ளினால் அதிமதுரக் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. மேலே பச்சையும் மஞ்சளுமாக ரோமம். ஊதினால் புகை மாதிரி எழுந்தது.

"இன்னாமா இது, ஆட்டுக்குட்டி கணக்கா முடி மொளைச்சிகினு கீது," என்றாள் நாகம்மா. முந்தானையை மூக்கில் கட்டியிருந்தாள். "சவரம் பண்ணித்தான் அனுப்பணும் போல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வாயைத் திறக்க வேண்டும்.

வேலை இப்படித்தான். தேங்காய் நாரால் குச்சியைத் தேய்த்து ரோமத்தை உதிர்ப்பார்கள். வெயில் இருந்தால் மாடியில் காயவைப்பார்கள். மழையென்றால் இரும்புச் சட்டியில் போட்டு, வாடை போகிறவரை வறுப்பார்கள். பிறகு மிஷின், சல்லடை. கடைசியில் ஸ்டூல். சலித்த தூளில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டு, மண் நெருடுகிறதா, காறல் இருக்கிறதா, வறுபட்டது போதுமா என்று பார்த்துச் சொல்வது ஸ்டூலில் உட்காருகிறவளின் வேலை. அதற்குத் தினக்கூலிக்கு மேல் கொஞ்சம் கொடுப்பார்கள். நாக்குக் காசு என்று பெயர்.

வருஷக்கணக்காக அந்தக் காசை வாங்கியவள் துலுக்கானம். கண்ணை மூடிக்கொண்டு சிட்டிகையைப் போடுவாள். ஷெட்டே காத்திருக்கும். ஒரு டொக் கேட்டால் டப்பாவில் அடைப்பார்கள். இரண்டு கேட்டால் சூப்பர்வைசர் ஸ்ரீகாந்த், "சட்டிக்குப் போ, இன்னொரு வாட்டி வறு," என்பான். மறுபடி வறுத்து, அரைத்து, சலித்துக் கொண்டுவருவார்கள். மறுபடி சிட்டிகை. எப்போதாவது ஒரு சாக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டதை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் எல்லாச் சாக்குக்கும் ஒரு டொக்தான்.

ஆவணியில் துலுக்கானத்தின் கண் மஞ்சளானது. பிறகு வயிறு வீங்கியது. பெரியாஸ்பத்திரிக்கு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது ராபியா. ஈரலில் கட்டி என்றார்கள். ஒரு சின்ன வயது டாக்டரம்மா, குடிப்பீங்களா என்று கேட்டாள். துலுக்கானத்துக்கு அந்த நிலையிலும் கோபம் வந்தது. "த்தூ! வெத்தல கூடப் போட மாட்டேன்மா. நாக்கு கெட்டா வேல பூடும்."

"என்ன வேலை?"

சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். பூசணம் பிடித்த சரக்கா என்று கேட்டாள். துடைத்து வறுத்துவிடுவோம் என்றாள் துலுக்கானம், பெருமையாக. அந்த முறையை ஷெட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"வறுத்தா வாடைதான்மா போகும். பூசணத்துல ஒரு விஷம் இருக்கு. அது உள்ள எறங்கிடும். சட்டிச் சூட்டுக்கெல்லாம் முழுசாப் போகாது. அதுக்கு ருசி கிடையாது, வாசனை கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா ஈரலை அரிக்கும்."

"அதனாலதான் அக்காவுக்கு இப்படியா?" என்று ராபியா கேட்டாள்.

"இருக்கலாம். அதுதான்னு எழுதிக் குடுக்க என்னால முடியாதும்மா."

துலுக்கானம் செத்துப்போவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாள். "நா சரின்னு சொன்னதெல்லாம் எங்கடி போச்சு? எந்தெந்த ஊட்டுக்குப் போச்சு?" படுக்கையில் விழுந்த பிறகும் அதையே கேட்டாள். பேச்சு நின்ற கடைசி நாளில் உதடு மட்டும் அசைந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, சத்தம் வரவில்லை.

கருமாதி முடிந்தது. ஸ்டூல் காலியாக இருந்தது. துலுக்கானம் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழுவழுவென்று குழிந்திருந்த பலகை. பக்கத்தில் ஆணியில் அவள் டம்ளர். அதை யாரும் எடுக்கவில்லை. சல்லடை ஆட்டும்போது பெண்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் நின்றார்கள். மிஷின் நின்று மறுபடி ஓடுவதற்கு இடையில் ஒரு சின்ன நிசப்தம் வரும். அந்த நேரத்தில் எல்லோரும் இருமிக்கொள்வார்கள், அல்லது வளையலைத் தள்ளிவிட்டுக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் என்ன கேட்டுவிடுமோ என்று பயம்.

அந்த நிசப்தத்தில்தான் ஸ்ரீகாந்த் கத்தினான். "ராபியா! மொத லாட்டு ரெடி. வந்து உக்காரு. வண்டி மத்தியானம் கெளம்பணும்."

ராபியா சல்லடையைக் கீழே வைத்தாள். ஸ்டூல் வரைக்கும் போனாள். தட்டில் தூள். வெளிர் மஞ்சள். அதிமதுர வாசனை, நல்ல வறுபட்ட வாசனை. காலையில் அந்தச் சாக்கின் வாயிலிருந்து வந்த வாடையின் சுவடே இல்லை. அவள் பயந்தது அதற்குத்தான். நாறினால் மூக்கைப் பொத்தலாம்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? போடு."

"மாட்டேன்."

"இன்னாது?"

"நா உக்கார மாட்டேன். இதை டப்பாவுலயும் போடக் கூடாது. பூசணம் புடிச்ச சரக்கு. லேபுக்கு அனுப்பிப் பாக்கணும்."

ஸ்ரீகாந்த் சுற்றிப் பார்த்தான். "யோவ் கௌதம், பாத்தியா? பாய் ஊட்டம்மா டாக்டராயிட்டாங்கோ." மிஷின் ஓட்டுகிற கௌதம் தலை நிமிரவில்லை. அவன் இமையெல்லாம் தூள் படிந்து வெளுத்திருந்தது. "நீ இல்லனா வேற ஆளு. நாகம்மா, நீ வா. நாக்குக் காசு ஒனக்கு."

நாகம்மா நாரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தாள். அவளுக்குக் காசு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஸ்டூலையும் ஆணியில் தொங்கும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த எடத்துல ஆள் கீது நைனா," என்றாள். மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணியில் முதலாளி வந்தார். பார்த்தசாரதி நல்ல மாதிரியாகப் பேசுகிறவர். பண்டிகைக்கு நசுங்கிய டப்பாவைத் தன் கையாலேயே கொடுப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் வருவார், மருந்து தயாராகிற இடம் என்று.

"என்னம்மா ராபியா, உடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் சார் இருக்கு. அதனாலதான் உக்காரல. இந்தச் சாக்கெல்லாம் தண்ணியில ஊறுனது. இதைக் கொழந்தைங்களுக்கு அனுப்பக் கூடாது. லேபுல குடுத்துப் பாருங்க."

"லேபு ரிப்போர்ட் வர்றதுக்குள்ள மழை போயிடும், சளியும் போயிடும். கடைக்காரன் வேற கம்பெனிச் சரக்கு வாங்கிடுவான். இத்தனை வருஷமா நம்ம லேபு எது? துலுக்கானம் நாக்குதானே?"

"அந்த லேபைத்தான் நைனா சுடுகாட்டுல வச்சிட்டு வந்தோம்," என்றாள் நாகம்மா.

அவர் முகம் கொஞ்சம் இறுகியது. "அவளுக்கு ஈரல் வியாதி. வெளியில என்ன தின்னாளோ, எந்தத் தண்ணியைக் குடிச்சாளோ."

"இன்னா துண்ணா? இத்தத்தான் துண்ணா. ஒன் கண்ணு முன்னால ஒக்காந்து துண்ணா. நெசமாலுமே நல்ல சரக்குன்னா நீ ஒரு சிட்டிக போடேன், பாக்கலாம்," என்றாள் நாகம்மா.

ஷெட்டில் எல்லாக் கையும் நின்றது. சிட்டிகைக்கு அவர் தயங்குவார், அதோடு முடிந்தது என்று பெண்கள் நினைத்தார்கள்.

பார்த்தசாரதி தயங்கவில்லை. தட்டிலிருந்து ஒரு கரண்டி நிறைய அள்ளினார். வாயில் கொட்டிக்கொண்டார். மென்றார், விழுங்கினார், உதட்டோரத்தை நக்கிக்கொண்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"என்ன? செத்தா போயிட்டேன்?"

ஸ்ரீகாந்த் கடகடவென்று சிரித்தான். நாகம்மாவின் கையிலிருந்த நார் கீழே விழுந்தது. சல்லடைப் பக்கம் நின்ற வசந்தகுமாரி, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், மெல்லத் திரும்பிச் சல்லடையை எடுத்தாள். இன்னொருத்தி டப்பா அட்டையைப் பிரித்தாள். முதலாளி தின்ற பிறகு என்ன பேசுவது? கேட்டது ஒரு சிட்டிகை, அவர் தின்றது ஒரு கரண்டி. தோற்றுப்போன மாதிரிதான் இருந்தது.

ராபியா ஸ்டூலை இழுத்தாள். சிமெண்டுத் தரையில் கீச்சென்று சத்தம் வர இழுத்துக்கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள்.

"உக்காருங்க சார்."

"என்னம்மா இது?"

"ஒரு கரண்டியில சாக மாட்டீங்க. அக்காவும் ஒரு கரண்டியில சாகல. உக்காருங்க. ரெண்டாவது லாட்டு இப்ப வரும், அதுல ஒரு சிட்டிக. நாளைக்குக் காலையில வாங்க, நாலு லாட்டு. மறுநாளும் வாங்க. இந்த மழை முடியற வரைக்கும் உக்காருங்க. அடுத்த வருச மழைக்கும் வாங்க. அக்கா உக்காந்த வருசமெல்லாம் நீங்களும் உக்காருங்க." அவள் குரல் உயரவில்லை. கையைத் தூக்க முடியாத தோள் ஒரு பக்கம் தொங்கியது. "நாக்குக் காசு நாங்க எல்லாரும் போட்டுத் தர்றோம்."

பார்த்தசாரதியின் பார்வை ஸ்டூலின் மேல் விழுந்தது. வழுவழுப்பான அந்தக் குழியில் கொஞ்ச நேரம் நின்றது. யாரோ எழுந்துபோன இடம் போலத்தான் அது இருந்தது.

"தொண்டை கட்டுது," என்றார் யாரிடமோ. வாசல் பக்கம் போனார். குழாயைத் திறந்து வாய் நிறையத் தண்ணீர் பிடித்தார். கொப்பளித்தார். துப்பினார். மறுபடி பிடித்தார், மறுபடி துப்பினார். விரலை விட்டு நாக்கைத் தேய்த்தார்.

பெண்கள் அதைப் பார்த்தார்கள். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே அப்போது தெரியவில்லை என்றுதான் தோன்றுகிறது. நிமிர்ந்தபோது அத்தனை கண்ணும் தன் வாயைப் பார்ப்பது தெரிந்தது. வாய் ஓரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

வசந்தகுமாரி சல்லடையைக் கீழே வைத்தாள்.

"சரி," என்றார். நல்ல மாதிரிக் குரல் போய்விட்டது. "வேலை செய்ய இஷ்டம் இல்லாதவங்க போகலாம். பட்டாபிராம்ல ரயில் ஏறி வர எத்தனையோ பொம்பளைங்க காத்துட்டிருக்காங்க. நாளைக்கே வேற ஆளு வரும். ஸ்ரீகாந்த், நேத்து அடைச்ச டப்பாவையாவது வண்டியில ஏத்து."

"வரட்டும் நைனா," என்றாள் நாகம்மா. "அவங்களுக்கும் வாயி கீது, அவங்களாண்டையும் சொல்லுவோம். அத்தோட அந்த டப்பாவும் இதே கெடங்குச் சரக்குதான்."

அவள் எழுந்து போய், அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். கனமான பெண். பெட்டி முனகியது. "ஒடைஞ்சா நல்லதுதான். நசுங்குன டப்பா கடைக்குப் போவாதில்ல?" என்றாள். இந்தமுறை இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களும் போய் உட்கார்ந்தார்கள். வசந்தகுமாரி உட்கார்ந்தாள். ராபியா கடைசியாகப் போனாள். போகும்போது ஸ்டூலை இடது கையால் தூக்கிக்கொண்டு போனாள். அதைப் பெட்டிகளின் நடுவே, தங்களோடு, நிமிர்த்தி வைத்தாள். யாரும் அதன் மேல் உட்காரவில்லை.

வெளியே வேன் டிரைவர் அஸ்வின் ஹாரன் அடித்தான். எட்டிப் பார்த்தான். பெட்டிகளின் மேல் பெண்கள். "லோடு மேல ஆளுங்க கீறாங்க சார். ஆளோட ஏத்த எனக்குப் பர்மிட்டு இல்ல," என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டான்.

"கௌதம், மிஷினைப் போடு!" ஸ்ரீகாந்த் கத்தினான். "மீதிச் சாக்கை அரை!"

கௌதம் மிஷினின் பக்கத்தில்தான் நின்றான். சுவிட்சின் மேல் கை இருந்தது. துலுக்கானத்துக்குப் பாடை கட்டியவர்களில் அவனும் ஒருவன். அவன் சுவிட்சைப் போடவில்லை. மெயினையே இறக்கினான். ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது. கையைத் தட்டிக்கொண்டு வந்து பெட்டி ஓரத்தில் குந்தினான். "எஸ்டேட் பஸ் ஸ்டாண்டாண்ட சங்கத்து ஆபீஸ் ஒண்ணு கீது. சாயங்காலம் போவோம்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

நாகம்மா தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். மத்தியானச் சோற்றை மூடியில் கவிழ்த்து வசந்தகுமாரியிடம் நீட்டினாள். காலி டப்பாவில் ரோமம் முளைத்த குச்சி நாலைந்தைப் போட்டு இறுக்கி மூடினாள். "இத்த எந்த ஆபீஸ்ல காட்டணும்னு தெர்ல. கேட்டுகினு போலாம்."

அந்த ஷெட்டில் பகல் நேரத்தில் அப்படி ஒரு நிசப்தம் வந்ததே இல்லை. மழை மறுபடி பிடித்திருந்தது. யாரும் இருமவில்லை, வளையலைத் தள்ளவில்லை. எல்லோரும் கேட்கத் தயாராக இருந்தது மாதிரி இருந்தது.

டொக்.

ராபியா சட்டென்று திரும்பினாள். நாகம்மா. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், துலுக்கானம் மூடுவதுபோலவே. மறுபடி, டொக்.

இரண்டு. சரியில்லை.

வசந்தகுமாரிக்கு அதன் அர்த்தம் முழுதாகத் தெரியாது. இருந்தாலும் நாக்கை மேலே ஒட்டினாள். டொக், டொக். அடுத்தவள். அதற்கடுத்தவள். கௌதம்கூட. இருட்டு ஷெட்டில், பெட்டிகளின் மேலிருந்து, மழைக்குள் அந்தச் சத்தம் மாறி மாறி எழுந்தது. பார்த்தசாரதி போனை எடுத்துக்கொண்டு, குடை இல்லாமலே வெளியே போனார். போலீசைக் கூப்பிடுவார் என்று தெரியும். நாளை கேட் பூட்டியிருக்கலாம். அதுவும் தெரியும்.

ராபியா கடைசியாகச் சொடுக்கினாள். அவள் நாக்கில் தூள் ருசி இல்லை. தோள் வலி அப்படியே இருந்தது. பக்கத்தில் நாகம்மாவின் தோள் அதைத் தாங்கிக்கொண்டது.

இந்தப் பெட்டிகள் இன்று போகவில்லை. முந்தினவை போய்விட்டன. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் பெயர் தெரியாத ஊர்களுக்கும் போய், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. எங்கடி போச்சு என்று செத்தவள் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வீடுகளின் கதவைத் தட்டி, பிள்ளை வாயில் அதைப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியது பாக்கி.